ஒரு செட்டு மாத்திரை

அத்தியாயம் 17

கனகலட்சுமி வீட்டுக் கேட்டைச் சாத்தி, உள்பக்கம் பூட்டும் போட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். வெளியே நின்றவர்கள் தேவதானத்திலிருந்து வேன் பிடித்து வந்த அவள் புருஷன் வீட்டுச் சொந்தம், மொத்தம் பதினோரு பேர். சீக்காளியைப் பார்க்க வந்தார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே குடியிருக்கிற மனுஷனுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே வேனை நிறுத்தி அரைக் கிலோ பால்கோவா வாங்கி வந்திருந்தார்கள். இந்த அறிவுக்கு எந்தக் கேட்டைத் திறப்பது?

"இந்தக் கனகலட்சுமிக்கு இம்புட்டு வாய் ஆகாது" என்று ஒரு வாசகி கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார். ஆகாதுதான் தாயே. நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். கேட்டால்தானே?

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வேல்பாண்டிக்கு ஐம்பத்தொரு வயது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதமாக ரத்தப் புற்றுநோய். அவர் மனைவி கனகலட்சுமி சுந்தரபாண்டியம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மதுரையில் கீமோ கொடுக்கிறார்கள். அதோடு சேர்த்து, வியாழக்கிழமை தோறும் ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்கில் இன்னொரு ஊசி. கீமோ நோயை அடித்துப் போடும். இந்த ஊசி, உடம்பில் சோம்பிக் கிடக்கிற எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டு, ஒளிந்திருக்கிற மிச்சத்தைத் தேடிப் பிடிக்க வைக்கும். ஊசி போட்ட நாலு மணி நேரத்தில் குளிர் நடுக்கிக் காய்ச்சல் வரும். வந்தால் உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும், நாமாக எதையும் கொடுக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாரம் வேல்பாண்டி நடுங்கித் தீர்த்தார். மூன்றாவது வாரமும் நான்காவது வாரமும் நடுக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. உடம்புக்கு ஊசி பழகிவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இன்று ஐந்தாவது வியாழக்கிழமை.

காலை பத்து மணிக்கு டாக்டர் பர்வீன் வேல்பாண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கன்னமும் உப்பி, முகம் பளபளவென்று இருந்தது. "அண்ணன் முகத்துல களை வந்துருச்சு" என்று சொந்தக்காரர்கள் பாராட்டிக்கொண்டிருந்த முகம் இதுதான். முகம் வீங்கினால் அதைக் களை என்று சொல்கிற கூட்டம் அது.

"பசி எப்படி சார்?"

"அதுக்கென்ன டாக்டர், கல்லைத் தின்னாலும் செரிக்குது. காலையில எட்டு இட்லி."

"தூக்கம்?"

"தூக்கந்தான் வரல. வராட்டிப் போகுது. பட்டாளத்துக்காரன்தான?"

டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைத் திருப்பினார். "சுகர் முந்நூத்திப் பன்னெண்டு. நாலு மாசம் முன்னால இவருக்கு சுகரே கிடையாது." காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டார். "இவருக்கு யார் ஸ்டீராய்டு குடுக்கிறது?"

கனகலட்சுமி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"எங்க வீட்டுலயா? டாக்டரம்மா, ஒரு வேப்பங்கொழுந்தக்கூட நான் உள்ள விடல. ஒருத்தி பப்பாளி இலைச் சாறு கொண்டாந்தா, செடிக்கு ஊத்திட்டேன். ஒருத்தன் கருஞ்சீரகப் பொடி கொண்டாந்தான், அவன் தலையிலயே கொட்டாத கொறை. இவிய சொந்தக்காரங்களுக்கு மூளைங்கிற சாமானே கிடையாது. அவங்க பேச்ச நம்பி நான் மாத்திரை குடுப்பனா?"

"சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு நாங்களே ஸ்டீராய்டு குடுப்போம்மா. இவருக்கு வந்தது அந்த வகை இல்ல. நாம ஊசியப் போட்டு எதிர்ப்புச் சக்திய எழுப்புறோம். அந்த மாத்திரை அதைத் தூங்க வச்சிருது. அதோட காய்ச்சலையும் மறைச்சிருது. கீமோ போட்ட உடம்புல கிருமி வந்து உக்காந்தாக்கூட வெளிய தெரியாது."

"யாரும் குடுக்கலன்னு சொல்றேன்ல?"

"நீங்க ஏதாவது குடுத்தீங்களா? ஒரு தடவையாவது?"

"நானா!" என்றாள் கனகலட்சுமி. கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

வேல்பாண்டி தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடவில்லை. அது ஏசி அறை.

"இன்னைக்குச் சாயங்காலம் நாலரை மணிக்கு மதுரையில எங்க குழு கூடுது" என்றார் டாக்டர். "இந்த ஊசியத் தொடர்றதா நிறுத்துறதான்னு முடிவு எடுப்பாங்க. ரிப்போர்ட்ட மட்டும் பாத்தா, பலன் தரல, நிறுத்துங்கன்னுதான் எழுதுவாங்க. ஊசி மேல தப்பில்ல, காரணம் இதுன்னு நான் காட்டணும். என்ன மாத்திரை, எத்தன நாளா, எவ்வளவு, எல்லாம் தெரியணும். இவருக்கு வேற வழி அதிகம் இல்லம்மா. நான் இங்கருந்தே போன்ல சொல்லிருவேன். நாலு மணிக்குள்ள கொண்டு வாங்க."

"அந்தக் கருமத்த இப்பவே நிறுத்திட்டா?"

"தெரியாம சட்டுனு நிறுத்துனா ரத்த அழுத்தம் விழுந்து ஆளே மயங்கிருவார். மொதல்ல கணக்குத் தெரியணும். இன்னைக்கு ஊசி கிடையாது."

கனகலட்சுமி புருஷன் பக்கம் திரும்பினாள். "என்னங்க, யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல" என்றார் வேல்பாண்டி, மின்விசிறியிடம்.

அவரை நர்ஸ் பொறுப்பில் விட்டுவிட்டு, ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கருத்தையா. வேறு யார் இருக்க முடியும்?

கருத்தையா, வேல்பாண்டியின் தங்கை மாரிக்கனியைக் கட்டியவர். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறார். சட்டைப்பையில் மூன்று பேனா, மூக்கு நுனியில் கண்ணாடி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் ஒன்றுதான் பாக்கி. காய்ச்சல் என்று போனால் ஒரு செட்டு. இடுப்பு வலியா, ஒரு செட்டு. அரிப்பா, அதற்கும் ஒரு செட்டு. நாலு அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்குவார். ஒரு மஞ்சள், ஒரு ரோஸ், ஒரு குழல் மாத்திரை, கூடவே பொட்டு மாதிரி சின்னதாக ஒரு வெள்ளை. பொட்டலமாக மடித்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்பார். முடிந்தது வைத்தியம். சாயங்காலமே எழுந்து உட்கார்ந்துவிடலாம். அந்த வெள்ளைப் பொட்டின் மகிமை அது.

டாக்டரிடம் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார், ரத்தம் எடுக்கச் சொல்வார். கருத்தையா எதுவும் கேட்க மாட்டார். ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவதற்கு அது ஒன்றுதான் காரணம். ரொம்பச் சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு அலமாரியிலும் பாதி பிரித்த பொட்டலம் ஒன்று கிடக்கும்.

கனகலட்சுமி வீட்டிலும் கிடந்தது. அவளுக்கு முட்டிவலி. சத்துணவுக் கூடத்தில் நின்று நின்று வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கருத்தையா கடையிலிருந்து அவளுக்கு இரண்டு செட்டு வந்துவிடும். கருத்தையாவை முட்டாள் என்பாள், போலி என்பாள், அவர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவாள். கேட்டால், "அது வேற, இது வேற" என்பாள். என்ன வேறு என்று நானும் கேட்கவில்லை.

கடையில் ஆறு பேர் நின்றார்கள்.

"வா தங்கச்சி, வா. மச்சானுக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்றார் கருத்தையா, கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல்.

"அவியளுக்கு என்ன மாத்திரை குடுத்தீக?"

"நானா? மச்சானுக்கு மதுரையில எம்புட்டுப் பெரிய டாக்டருங்க பாக்குறாக. அவுக முன்னால நம்மள்லாம் தூசி."

"அது எனக்கும் தெரியும். வெள்ளை மாத்திரை குடுத்தீகளா இல்லையா?"

"அண்ணே, எனக்கு இருமலுக்கு ஒரு செட்டு" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கையை நீட்டினார்.

கனகலட்சுமி அவர் பக்கம் திரும்பினாள். "போயி ஒரு டாக்டரப் பாருங்கய்யா. இந்தாளு பன்னெண்டாவது பெயிலு."

"தங்கச்சி, வார்த்தைய அளந்து பேசு. பார்மசி சர்டிபிகேட்டு மாட்டிருக்கு, பாத்துக்க."

"அது யாரோ ஒரு வெளியூர்க்காரரு சர்டிபிகேட்டு. அந்தப் புண்ணியவான் இந்தக் கடைய ஒரு தடவையாவது பாத்துருப்பாரா? பேரு ஒருத்தருது, மாத்திரை ஒருத்தரு குடுக்கது. முழுங்கிட்டுச் சாகது நாங்க."

ஆறு பேரில் நாலு பேர் மெதுவாக நழுவினார்கள். இரண்டு பேர் நழுவவில்லை. ஒருவருக்கு இடுப்பு வலி, இன்னொருவருக்கு வேடிக்கை பார்க்க வேண்டும்.

சத்தம் கேட்டு மாடி வீட்டிலிருந்து மாரிக்கனி இறங்கி வந்தாள். "மதினி, கடையில வச்சு இப்பிடிப் பேசலாமா? உள்ள வாங்க, எதுன்னாலும் உக்காந்து பேசுவோம்."

"உக்காந்து பேச நேரமில்ல மாரி. நாலு மணிக்குள்ள சொல்லாட்டி உங்கண்ணனுக்குப் போடுற ஊசிய நிறுத்திருவாக. அது நின்னா அப்பறம் உங்கண்ணனுக்கு என்ன இருக்கு? இந்தாளு குடுத்த மாத்திரையில ஊசி பூராம் வீணாப் போச்சு."

கருத்தையாவின் கை அப்போதுதான் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கிவிட்டது.

"உனக்குத்தான தங்கச்சி குடுத்தேன்?"

"எனக்கா? எனக்கு சனிக்கிழமை ரெண்டு செட்டு. அதுக்கென்ன இப்ப?"

"சனிக்கிழமை மட்டுமில்ல. தினம். மச்சான் போன் போட்டாரு. கனகத்துக்கு முட்டிவலி சாஸ்தியாப் போச்சு, நிக்க முடியல, தினம் காலையும் ராத்திரியும் வேணும், அந்தச் சின்ன வெள்ளைய ரெட்டையாப் போடுன்னாரு. நான் தினம் பொட்டலம் மடிச்சு ஏழரை மணி பஸ்ஸுல கண்டக்டர் கையில குடுத்து விடுவேன். மச்சான் நடைக்கு வந்த மாதிரி வந்து பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்கிருவாரு."

"எத்தன நாளா?"

"இன்னையோட பத்தொம்பது நாளு."

"ஒருத்தி தினம் நாலு வெள்ளை மாத்திரை பத்தொம்பது நாளு திங்காளே, அவ கதி என்னாகும்னு நீங்க யோசிக்கல?"

"மச்சான் சொல்லும்போது நான் என்னத்தக் கேக்க? பட்டாளத்துல இருந்தவரு பொய் சொல்லுவாருன்னு கண்டனா?"

கேளுங்கள் இந்த நியாயத்தை. பட்டாளத்தில் இருந்தவர் பொய் சொல்ல மாட்டாராம், பத்தொன்பது நாள் ஸ்டீராய்டு தின்கிற பெண்பிள்ளைக்கு எதுவும் ஆகாதாம். இந்த மனுஷனிடம்தான் பாதி ஊர் தன் உடம்பை ஒப்படைத்திருக்கிறது.

"அவியளுக்கு அந்த வெள்ளை மாத்திரை பத்தி எப்பிடித் தெரியும்?" என்றாள் கனகலட்சுமி. "நீங்கதான சொல்லிக் குடுத்தீக?"

கருத்தையா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மனைவியைப் பார்த்தார்.

மாரிக்கனிதான் சொன்னாள். "அண்ணன் எங்கிட்டச் சொல்லுச்சு மதினி. ரெண்டாவது ஊசி அன்னைக்கு நீங்க ஒரு பொட்டலம் குடுத்தீகளாமே. ஒரு மணி நேரத்துல நடுக்கம் நின்னுச்சாம். உம் மதினி கை ராசியான கைன்னு சொல்லி அம்புட்டுச் சந்தோசப்பட்டுச்சு. நான் வேற என்னத்தக் கண்டேன்?"

கனகலட்சுமியின் வாய் அடைத்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கொடுத்தாள். இரண்டாவது வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. வேல்பாண்டிக்குப் பல் அடித்துக்கொண்டது. "கனகம், கனகம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. டாக்டருக்குப் போன் போட்டாள். வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. இரண்டாவது தடவை போட அவளுக்குப் பொறுமையில்லை. தன் சாப்பாட்டுப் பையில் கிடந்த முட்டிவலிப் பொட்டலத்தைப் பிரித்து அவர் வாயில் போட்டு, தண்ணீர் ஊற்றினாள். நாலரை மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

பிறகு டாக்டரே திருப்பிக் கூப்பிட்டபோது, "நடுக்கம் இருந்துச்சு, இப்ப நின்னுருச்சு" என்று மட்டும் சொன்னாள். அதை அவள் மறந்துவிடவில்லை. மறந்த மாதிரி வைத்துக்கொண்டாள். பதினோரு பேரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியவள், உள்ளே இருந்த ஆளை விட்டுவிட்டாள்.

"கடையச் சாத்துங்க" என்றாள். "அந்த வெள்ளை மாத்திரை அட்டைய எடுங்க. கிளம்புங்க."

"எங்க?"

"டாக்டர்ட்ட."

"நானா? தங்கச்சி, என் லைசென்ஸு போயிரும். பொழப்பு போயிரும். அட்டையத் தாரேன், நீ கொண்டு போ. என் பேரு வேணாம்."

"எந்த நாளு எத்தனன்னு நீங்க வந்து உங்க வாயால சொல்லணும்."

கருத்தையா மனைவியைப் பார்த்தார். அவள் ஷட்டர் கம்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"போங்க. எங்கண்ணனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பொறவு இந்தக் கடைய வச்சு நான் என்ன செய்ய?"

இடுப்பு வலிக்காரர் அப்போதும் நின்றுகொண்டிருந்தார். "அப்ப எனக்கு?" என்று கேட்டார்.

தன் ஸ்கூட்டரில் போகலாம் என்று கருத்தையா சொன்னார். அந்த ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டு போவதைவிட நடந்தே போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பஸ்ஸில் அவர் முன்சீட்டில், அவள் பின்சீட்டில். வன்னியம்பட்டி விலக்கு தாண்டும்போது அவர் மெதுவாகத் திரும்பினார்.

"தங்கச்சி, அந்த மொதப் பொட்டலம் விசயத்த நான் சொல்லல. எல்லாம் நானே குடுத்ததாச் சொல்லிக்கிறேன். நீ டாக்டர்ட்டக் கெட்ட பேரு வாங்க வேணாம்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மூன்று நாற்பதுக்கு டாக்டர் அறையில் நின்றார்கள். வேல்பாண்டி காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில் இருந்தார். அட்டையைப் பார்த்ததுமே டாக்டர் பர்வீனின் முகம் மாறிவிட்டது.

"இது சீட்டு இல்லாம குடுக்கக் கூடாத மருந்து. தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

"தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"இது இல்லாட்டி எங்கடைக்கு ஆளு வராது டாக்டர்" என்றார் கருத்தையா. அன்று அவர் சொன்னதிலேயே பெரிய உண்மை அதுதான்.

டாக்டர் அவரை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். கனகலட்சுமிக்குக் காதில் தேன் பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை.

"எந்தத் தேதியில ஆரம்பிச்சது? மொத மாத்திரை குடுத்ததும் நீங்களா?"

"ஆமா டாக்டர். எல்லாமே நான்தான்."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். கனகலட்சுமி பேசாமல் நின்றிருந்தால் போதும். கருத்தையா தலையைக் குனிந்துகொண்டு, கோயில் தூண் மாதிரி நின்றார். அந்த நிற்பில் ஒரு பெருந்தன்மை தெரிந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. யார் யாருக்குப் பிச்சை போடுவது என்று ஒரு அளவு இல்லையா? இந்த ஆள் தயவில் நான் நல்லவளாக நிற்பதா?

"இல்ல டாக்டரம்மா" என்றாள். "மொத மாத்திரை நான் குடுத்தது. ரெண்டாவது ஊசி அன்னைக்கு. என் முட்டிவலிக்கு வாங்குன பொட்டலம்."

டாக்டரின் பேனா நின்றது. "காலையில கேட்டேனே."

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"ஊரு பூரா முட்டாளுன்னு திட்டிட்டு, அந்த முட்டாத்தனத்த நானே செஞ்சேன்னு எப்பிடிச் சொல்ல?"

டாக்டர் தேதியைத் திருத்தினார். "இதுதான் முக்கியம்மா. காய்ச்சல் நின்ன நாளும் இதுவும் இப்ப பொருந்துது. இல்லாட்டி ரெண்டு நாள் முன்னாலயே ஏன் நின்னுச்சுன்னு குழுவுல கேட்டிருப்பாங்க." பிறகு ஒரு காகிதத்தை எடுத்து வேல்பாண்டி முன்னால் வைத்தார். "சார், மாத்திரைய நான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கிறேன். நின்ன பிறகு ஊசிய மறுபடி ஆரம்பிக்க அனுமதி கேக்கப் போறேன். உங்க சம்மதம் வேணும். நடுக்கம் மறுபடி வரும். சொல்லிட்டேன். இன்னொரு பொட்டலம் உள்ள போச்சுன்னா அத்தோட முடிஞ்சது. கையெழுத்துப் போடுங்க."

வேல்பாண்டி பேனாவைத் தொடவில்லை.

"எனக்கு ஊசி வேணாம்."

"என்னங்க பேசுறீக?" என்றாள் கனகலட்சுமி. "காலையிலருந்து நாய் மாதிரி அலைஞ்சு, இந்தாளையும் இழுத்துட்டு வந்து நிக்கிறேன். வேணாங்கிறீக. பனியில துப்பாக்கியத் தூக்கிட்டு நின்ன ஆளுதான நீங்க? ஒரு காய்ச்சலுக்குப் பயந்து, பொண்டாட்டி முட்டியச் சொல்லி மாத்திரை திருடித் தின்னுருக்கீக. வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றார் வேல்பாண்டி. "இந்தா, இந்தப் பேச்சுக்காகத்தான் ஒளிச்சேன்."

"நான் என்ன பேசினேன்?"

"அன்னைக்கு நீ பேசல. அதான் மனசுல குத்திருச்சு. நடுக்கத்துல படுக்கையிலேயே மூத்திரம் போயிட்டேன். நீ துடைச்ச, வேட்டிய மாத்துன, ஒரு வார்த்த பேசல. எப்பவும் வாய் ஓயாத பொம்பள நீ. எங்கண்ணன முட்டாளும்ப, மாப்பிள்ளையப் போலிம்ப. சரி, இவ மனசுக்குள்ள என்னையும் அந்தக் கணக்குல சேத்துட்டா, சீக்காளின்னு பாவம் பாத்து வெளிய சொல்லலன்னு நெனச்சேன். அப்பிடி ஒரு தடவ உம் முன்னால கெடக்கதுக்கு, செத்தே போகலாம்."

கருத்தையா மெதுவாக நழுவி வெளியே போனார். வராந்தாவில் அவர் செல்போனில், "செட்டு நாளைக்குத்தான்ப்பா, இன்னைக்குக் கடை இல்ல" என்று யாருக்கோ சொல்வது கேட்டது. இந்த ஆளைத் திருத்த எந்த ஊசியும் இன்னும் வரவில்லை.

கனகலட்சுமி புருஷன் எதிரில் உட்கார்ந்தாள்.

"வாயத் தொறந்தா அழுதுருவேன்னுதான் பேசல" என்றாள். "நீங்க பயந்துருவீகன்னு. நான் ஊரத் திட்டுவேன். உங்க சொந்தத்தத் திட்டுவேன். உங்கள அந்தக் கணக்குல வச்சதில்ல. வச்சிருந்தா என் பொட்டலத்தப் பிரிச்சு உங்க வாயில போட்டுருப்பனா? கண்ணு முன்னால நீங்க ஆடுறதப் பாக்க என்னால முடியல. அம்புட்டுத்தான்."

வேல்பாண்டி மேஜை மேல் இருந்த பேனாவைப் பார்த்தார்.

"இனி எனக்கும் செட்டு வேணாம். நீங்க நடுங்குங்க, நான் நொண்டுறேன். ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான கெடக்கோம்."

"அம்மா, நீங்களும் சட்டுனு நிறுத்தக் கூடாது" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே. "உங்களுக்கும் நான் குறைச்சுத்தான் தரணும். முட்டிக்கு ஒரு டாக்டரப் பாருங்க. நிஜ டாக்டரா."

வேல்பாண்டி பேனாவை எடுத்தார். "ஒரு கண்டிசன். நடுக்கம் வரும்போது நீ வாய மூடிட்டு இருக்கக் கூடாது. திட்டணும். யாரையாவது திட்டு. தேவதானத்துக்காரங்களத் திட்டு, மாப்பிள்ளையத் திட்டு. உஞ் சத்தம் கேட்டுட்டே இருக்கணும்."

"அதுக்கு ஆளா இல்ல?" என்றாள்.

கையெழுத்து விழுந்தது. டாக்டர் அதைப் படம் பிடித்து மதுரைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "சரி சார். ஆமா சார். நான் பொறுப்பு சார்" என்று மூன்று தடவை சொன்னார். திரும்பியபோது முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மறுத்துடல. ஆனா சம்மதிக்கவும் இல்ல. திங்கட்கிழமை மதுரைக்கு வரச் சொல்றாங்க. எலும்பு மஜ்ஜை எடுத்துப் பாக்கணுமாம். இந்தப் பத்தொம்பது நாள்ல நோய் எவ்வளவு தூரம் திரும்பி வந்திருக்குன்னு பாத்துட்டுத்தான் ஊசி உண்டா இல்லையான்னு சொல்லுவாங்க."

"பத்தொம்பது இல்ல டாக்டரம்மா" என்றாள் கனகலட்சுமி. "இருவத்தொண்ணு. நான் குடுத்த நாள்லருந்து எண்ணுங்க."

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நர்ஸ் ஏசியை நிறுத்தினாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"கனகம்" என்றார் வேல்பாண்டி. "பயமா இருக்கு."

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. திட்டுவதற்கு அவளிடம் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒருவர் பேரும் ஞாபகம் வரவில்லை.

"எனக்குந்தாங்க" என்றாள்.